அறிக்கையில் எடை 78, தராசில் 96: கோலாலம்பூரில் ஒரு கர்ப்பகால ஸ்கிரீனிங் நிகழ்வு ஆய்வு

கோலாலம்பூரில் ஒரு தனியார் தாய்சேய் மையத்தில் ஆலோசனைத் தாதியாக வேலை செய்கிறேன். ஸ்கிரீனிங் (குழந்தைக்குக் குரோமோசோம் குறைபாடு இருக்க வாய்ப்பு எவ்வளவு என்று கணிக்கும் பரிசோதனை) அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பயந்து வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலையில் பெரும்பகுதி. கீழே உள்ள நிகழ்வை அந்தத் தாயின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இரத்தப் பரிசோதனைப் படிவத்தைத் தினமும் நிரப்பும் தாதியர்களும், அப்படி ஒரு அறிக்கை கைக்கு வந்த தாய்மார்களும் இதைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பின்னணி

அவருக்கு வயது 36. தமிழ்ப் பள்ளி ஆசிரியை. திருமணமாகிப் பல வருடம் குழந்தை இல்லாமல் ஐவிஎஃப் சிகிச்சைக்குப் போனார்கள். கருமுட்டை எடுத்தபோது அவருக்கு 33 வயது. முதலில் வைத்த கரு தங்கவில்லை. மீதியை உறைய வைத்திருந்தார்கள். அப்புறம் மாமனாரின் நோய், வேலை மாற்றம், பணம் என்று ஒவ்வொன்றாக வந்து சிகிச்சை தள்ளிப்போனது. 36 வயதில் வைத்த கரு தங்கியது. இடைப்பட்ட காலத்தில் எடை நன்றாகக் கூடியிருந்தது. உயரம் 158 சென்டிமீட்டர்தான். புகைப்பழக்கம் இல்லை. ஆரம்பத்தில் எடுத்த சர்க்கரைப் பரிசோதனை சரியாக இருந்தது. அப்பா தமிழர், அம்மா சீனர். பிறப்புப் பத்திரத்தில் இந்தியர் என்றுதான் இருக்கிறது.

12 வாரம் முடிந்ததும் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிளினிக்கில் என்டி ஸ்கேனும் இரத்தமும் ஒரே நாளில் எடுத்தார்கள். குழந்தையின் நீளம் 60 மில்லிமீட்டர், கழுத்துக்குப் பின்னால் உள்ள நீர்ப்படலம் 1.6 மில்லிமீட்டர், மூக்கெலும்பு தெரிந்தது. ஸ்கேனில் கவலைப்பட ஒன்றும் இல்லை. சில நாள் கழித்து, பள்ளியில் ஓய்வு நேரத்தில் இருந்தபோது போன் வந்தது. "டவுன் சிண்ட்ரோம் ஹை ரிஸ்க், 85-ல் 1, பெரிய இடத்துக்குப் போய்ப் பாருங்க." அவ்வளவுதான் சொன்னார்கள். அவர் திரும்ப வகுப்புக்குப் போய்ப் பாடம் நடத்தியிருக்கிறார். வீட்டில் அன்று இரவு யாரும் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு அவர் கணவர் சொன்னார்.

எங்களிடம் வந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி இது (தாதியை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்): "மிஸ்ஸி, இது என் வயசாலயா, இல்ல என் உடம்பாலயா?"

அந்த எண் எப்படி வருகிறது

பதில் சொல்வதற்கு முன் 85-ல் 1 என்ற எண் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை விளக்க வேண்டியிருந்தது. பெரும்பாலானோர் இதைச் சர்க்கரை அளவு, இரும்புச்சத்து அளவு மாதிரி இரத்தத்திலேயே இருக்கும் ஒரு எண் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை.

முதல் மூன்று மாத ஸ்கிரீனிங்கில் பார்ப்பது இரண்டு பொருள்கள்: பாப்-ஏ, ஃப்ரீ பீட்டா எச்சிஜி. இரண்டுமே நஞ்சுக்கொடியிலிருந்து தாயின் இரத்தத்துக்கு வருபவை. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கும் கர்ப்பங்களில் சராசரியாகப் பாப்-ஏ வழக்கத்தில் பாதியாகவும் பீட்டா எச்சிஜி இரண்டு மடங்காகவும் இருக்கும். ஆனால் வழக்கம் என்பது எது? இந்த வாரங்களில் பாப்-ஏ வேகமாக ஏறிக்கொண்டிருக்கும், பீட்டா எச்சிஜி இறங்கிக்கொண்டிருக்கும். அதனால் அதே நாள் கர்ப்பத்தில் உள்ள மற்ற பெண்களின் நடு அளவோடு ஒப்பிட்டு, அதில் எத்தனை மடங்கு என்று எழுதுகிறார்கள். அதற்குத்தான் மோம் என்று பெயர். 1.0 மோம் என்றால் சரியாக நடுவில் இருக்கிறது. 0.5 என்றால் பாதி.

யாரோடு ஒப்பிடுகிறோம் என்பது இங்கேதான் முக்கியமாகிறது. எடை கூடிய பெண்ணின் உடலில் இரத்தத்தின் அளவும் கூடுதல். நஞ்சுக்கொடி அனுப்பும் பொருள் அதில் கலக்கும்போது செறிவு குறைந்து தெரியும். பாப்-ஏவில் இது பீட்டா எச்சிஜியைவிட அதிகமாகத் தெரியும். ஒல்லியான பெண்ணுக்கு நேர் எதிராக, அளவு கூடித் தெரியும். ஐவிஎஃப் கர்ப்பங்களில் பாப்-ஏ ஏறக்குறைய 10 சதவீதம் குறைவாகவும் பீட்டா எச்சிஜி சற்றுக் கூடுதலாகவும் இருப்பதைப் பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. புகைக்கும் பெண்களுக்குப் பாப்-ஏ குறையும். ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களுக்குப் பாப்-ஏ ஐரோப்பியப் பெண்களைவிடப் பாதிக்கு மேல் அதிகம். இரட்டைக் குழந்தை என்றால் இரண்டுமே ஏறும். இன்சுலின் போடும் நீரிழிவும் கணக்கில் வரும். இதில் எதைச் சொல்லாமல் விட்டாலும் மென்பொருள் அந்தப் பெண்ணை வேறு ஒரு பெண்ணோடு ஒப்பிட்டுவிடும்.

கடைசியில் வயது. கணக்கு தொடங்குவதே வயதிலிருந்துதான். வயதால் வரும் அடிப்படை ரிஸ்க்கை எடுத்து, ஸ்கேனும் இரத்தமும் சொல்வதை அதன்மேல் பெருக்குகிறார்கள். உறைய வைத்த கரு என்றால் இங்கே வர வேண்டியது கருமுட்டை எடுத்த நாளின் வயது, ஏனென்றால் குரோமோசோம் பிழைக்கான வாய்ப்பு கருமுட்டையின் வயதோடு போகிறது. வேறொரு பெண்ணின் கருமுட்டை என்றால் அந்தப் பெண்ணின் வயது.

என்ன கவனித்தோம்

அறிக்கையின் நடுவில் 85-ல் 1 என்று தடித்த எழுத்தில் இருந்தது. இடது ஓரத்தில் சின்ன எழுத்தில் தாயின் விவரங்கள் வரிசையாக இருந்தன, நான் எப்போதும் முதலில் பார்ப்பது அந்த ஓரத்தைத்தான். எடை 78.0 கிலோ. கருத்தரிப்பு: இயற்கை. இனம்: இந்தியர். புகை: இல்லை. நீரிழிவு என்ற இடம் காலி. பாப்-ஏ 0.28 மோம், பீட்டா எச்சிஜி 1.61 மோம்.

எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு 78 கிலோ என்பது பொருந்தவில்லை. அவருடைய பிங்க் புத்தகத்தை, அதாவது கர்ப்பகாலப் பதிவுப் புத்தகத்தை, வாங்கிப் பார்த்தேன். அரசு கிளினிக்கில் பதிவு செய்தபோது நீல மையில் 94.8 என்று எழுதியிருந்தது, அதற்கடுத்த வரியில் 96.1. எங்கள் தராசில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்னேன்: 96. அப்படியானால் 78 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, சில வருடம் முன்பு காய்ச்சலுக்காக அதே கிளினிக்குக்குப் போனபோது எடை பார்த்தார்கள் என்றார். பழைய கோப்பில் இருந்த எண் அப்படியே புதிய படிவத்துக்குப் போயிருக்கிறது. இரத்தம் எடுத்த அன்று அவரை யாரும் தராசில் ஏற்றவில்லை. ஐவிஎஃப் என்பதையும் யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஐவிஎஃப்புக்கும் இந்த இரத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கும் என்று ஒரு தாய் எப்படி யோசிப்பார்?

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு: இரத்தம் மறுபடி எடுக்கவில்லை. இயந்திரம் அளந்தது தவறு என்று சந்தேகிக்க எந்தக் காரணமும் இல்லை. கணக்கில் போன விவரங்கள்தான் தவறு. அதனால் அதே அளவுகளை வைத்துக்கொண்டு சரியான விவரங்களோடு திரும்பக் கணக்கிடும்படி ஆய்வகத்துக்கு எழுதினோம். நல்ல ஆய்வகம் எதுவும் இதற்கு மறுப்புச் சொல்லாது.

இதில் எங்கள் நிபுணர் ஒரு விஷயத்தில் கறாராக இருந்தார், அவர் சொன்னது சரி என்று நான் முழுமனதாக நம்புகிறேன். திருத்த வேண்டியதை எல்லாம் ஒரே தடவையில் எழுதி அனுப்ப வேண்டும், எந்தத் திருத்தம் எண்ணை நல்ல பக்கம் தள்ளும் என்று பார்த்துப் பார்த்து அனுப்பக் கூடாது. எடை, ஐவிஎஃப், கருமுட்டை எடுத்த தேதி, நீரிழிவு இல்லை, அப்புறம் இனம். வந்த எண் 40-ல் 1 என்று மோசமாக இருந்தாலும் அதைத்தான் தாயிடம் சொல்லியிருப்போம், இதை அவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிட்டோம்.

இனம் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருந்தது. இந்த நாட்டில் இது அடிக்கடி வரும் கேள்வி. பிறப்புப் பத்திரம் அப்பாவின் இனத்தைச் சொல்கிறது, உடம்பு இருவரிடமிருந்தும் வந்தது. தெற்காசியப் பெண்களுக்கும் கிழக்காசியப் பெண்களுக்கும் பாப்-ஏவில் உள்ள வித்தியாசம் சின்னது. பீட்டா எச்சிஜி தெற்காசியப் பெண்களிடம் சற்றுக் குறைவாகவும் கிழக்காசியப் பெண்களிடம் சற்றுக் கூடுதலாகவும் இருக்கும். மென்பொருளில் கலப்பு என்று ஒரு தேர்வு இருந்தது, அதையே போடச் சொன்னோம். பெரிய மாற்றம் வராது என்று தெரிந்தும் உண்மையை எழுதுவதுதான் முறை.

புதிய அறிக்கை மறுநாள் வந்தது. பாப்-ஏ 0.39 மோம், பீட்டா எச்சிஜி 1.67 மோம், ரிஸ்க் 370-ல் 1. ஆய்வகத்திடம் கேட்டுப் பார்த்ததில், எடையைச் சரிசெய்ததிலேயே பாப்-ஏ 0.35-க்கு வந்துவிட்டது, மீதி ஐவிஎஃப்பினால். கருமுட்டையின் வயதை 36-லிருந்து 33-க்கு மாற்றியதில் அடிப்படை ரிஸ்க் ஏறக்குறைய பாதியானது. இனம் எதிர்பார்த்தது போலவே பெரிதாக எதையும் அசைக்கவில்லை.

அவருடைய கேள்விக்கு இப்போது பதில் சொல்ல முடிந்தது. "உங்க எடையால குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் வராதும்மா. உங்க எடை தெரியாம கணக்குப் போட்டதாலதான் எண் அப்படி வந்துச்சு." அவர் அழுதார். கணவர் அறிக்கையை எடுத்து இடது ஓரத்தை வரி வரியாகப் படித்தார், இப்போது எல்லாம் சரியா என்று மனைவியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே.

இரண்டாவது முடிவுதான் கடினமானது. பல இடங்களில் 250-ல் 1 என்பதை எல்லைக்கோடாக வைத்திருக்கிறார்கள். அதன்படி பார்த்தால் 370-ல் 1 பாதுகாப்பான பக்கம், வீட்டுக்கு அனுப்பிவிடலாம். நாங்கள் அப்படிச் செய்யவில்லை. இது நடுத்தர ரிஸ்க். இந்த நிலையில் உள்ளவர்களுக்கு அடுத்த கட்டப் பரிசோதனையை எடுத்துச் சொல்வதுதான் முறை. 16 வாரத்தில் பனிக்குட நீர் எடுத்தால் உறுதியான பதில் கிடைக்கும், ஆனால் சிறிய அளவில் கருச்சிதைவு அபாயம் உண்டு. என்ஐபிடி என்பது தாயின் இரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏவைப் பார்க்கும் பரிசோதனை, அதற்குத் தாயின் கையில் எடுக்கும் இரத்தம் போதும். டவுன் சிண்ட்ரோமைக் கண்டுபிடிப்பதில் மிகத் துல்லியமானது, என்றாலும் அதுவும் ஸ்கிரீனிங்தான். இத்தனை வருடம் காத்திருந்து வந்த கர்ப்பம் என்பதால் ஊசி வேண்டாம் என்று அவர் தீர்மானமாக இருந்தார். கணவருக்கு உறுதியான பதில் வேண்டும். என்ஐபிடி முதலில், தேவைப்பட்டால் பனிக்குட நீர் என்று இருவரும் ஒத்துக்கொண்டார்கள். 16 வாரத்துக்கு ஒரு தேதியையும் பிடித்து வைத்தோம்.

என்ஐபிடியும் தாயின் எடையைச் சார்ந்ததுதான் என்பதை இரத்தம் எடுப்பதற்கு முன்னாலேயே சொன்னேன். தாயின் இரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏவில் ஒரு பங்கு நஞ்சுக்கொடியிலிருந்து வருவது. எடை கூடக் கூட அந்தப் பங்கு குறையும். பொதுவாக 4 சதவீதத்துக்குக் கீழே போனால் ஆய்வகம் முடிவு தராமல் திருப்பி அனுப்பும். இதை முதலிலேயே சொல்லாவிட்டால், முடிவு வரவில்லை என்ற செய்தி இன்னொரு கெட்ட செய்தியாகத்தான் அந்த வீட்டில் போய் விழும்.

மூன்றாவது முடிவை அதே நாளில், என்ஐபிடிக்குக் காத்திராமல் எடுத்தோம். பாப்-ஏ திருத்திய பிறகும் 0.39-தான். குரோமோசோம் சரியாக இருந்தாலும் இவ்வளவு குறைந்த பாப்-ஏ, நஞ்சுக்கொடி நன்றாக ஊன்றவில்லை என்பதற்கான அறிகுறியாக இருக்கலாம். குழந்தை சிறியதாக வளர்வதும் தாய்க்கு இரத்த அழுத்தம் ஏறுவதும் இவர்களிடம் அதிகம். அதோடு முதல் கர்ப்பம், ஐவிஎஃப், பிஎம்ஐ 38. இரவில் 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் தொடங்கப்பட்டது. 2017-ல் வெளியான ஆஸ்ப்ரே ஆய்வில், அதிக ரிஸ்க் உள்ள பெண்களுக்கு 11 முதல் 14 வாரத்துக்குள் இதே அளவு தொடங்கி 36 வாரம் வரை கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன் பிரசவமாகும் ப்ரீஎக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் இரத்த அழுத்தம் ஏறி உறுப்புகளைப் பாதிக்கும் நோய்) 4.3 சதவீதத்திலிருந்து 1.6 சதவீதமாகக் குறைந்தது. 16 வாரம் தாண்டித் தொடங்கினால் பலன் குறைவு. ரிஸ்க் எண் இறங்கிவிட்டது என்ற நிம்மதியில் இந்தப் பாப்-ஏவை மறந்துவிட்டிருந்தால் அந்த வாரங்கள் கைநழுவிப் போயிருக்கும்.

அப்புறம் நடந்தது

என்ஐபிடி முதல் தடவை முடிவு தரவில்லை. பங்கு 3.1 சதவீதம். முன்பே சொல்லியிருந்ததால் போனில் அவர் குரல் தடுமாறவில்லை, "நீங்க சொன்ன மாதிரியே ஆச்சு மிஸ்ஸி" என்றார். ஆனால் இதை எடையின் மேல் மட்டும் போட்டுவிட்டு நாங்கள் சும்மா இருக்கவில்லை. முடிவு வராத கர்ப்பங்களில் டிரைசோமி 18, 13 (அந்த எண்ணுள்ள குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பது), டிரிப்ளாய்டி (எல்லாக் குரோமோசோமும் மூன்று மூன்றாக இருப்பது) போன்றவை சற்று அதிகம் காணப்படுகின்றன, அவற்றில் நஞ்சுக்கொடி சிறியதாக இருப்பதால். டிரைசோமி 18 என்றால் பாப்-ஏவோடு பீட்டா எச்சிஜியும் இறங்கியிருக்க வேண்டும், இவருக்கு அது குறையவில்லை. 15 வாரத்தில் நிபுணர் ஒரு ஸ்கேன் எடுத்துக் கைகள், இதயம், வயிற்றுச் சுவர் எல்லாம் பார்த்தார், சரியாக இருந்தது. அதே நாளில் இரண்டாவது இரத்தம் போனது, மறு எடுப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை. இந்தத் தடவை பங்கு 4.7 சதவீதம், டவுன் சிண்ட்ரோம் (டிரைசோமி 21), டிரைசோமி 18, 13 மூன்றுக்கும் ரிஸ்க் குறைவு என்று வந்தது. பனிக்குட நீர்த் தேதியை ரத்து செய்வதா என்று கணவனும் மனைவியும் இரண்டு நாள் பேசிவிட்டு ரத்து செய்தார்கள்.

26 வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனை: சர்க்கரை நீர் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 8.6 mmol/L. இங்கே எல்லை 7.8. கர்ப்பகால நீரிழிவு, உணவை மாற்றியே சமாளித்தார், இன்சுலின் தேவைப்படவில்லை. 28 வாரத்திலிருந்து வளர்ச்சி ஸ்கேன். 34 வாரத்தில் குழந்தையின் வளர்ச்சி 10-வது சென்டைலுக்குக் கீழே வந்தது (அதே வாரத்தில் உள்ள 100 குழந்தைகளில் மிகச் சிறிய 10 பேரில் ஒன்று), இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் சரியாக இருந்தது. அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை பார்த்தோம். 37 வாரத்தில் இரத்த அழுத்தம் 142/92, சிறுநீரில் புரதம் இல்லை. இனிக் காத்திருக்க வேண்டாம் என்று வலி வரவைக்கப்பட்டது. பெண் குழந்தை, 2.41 கிலோ, பிறந்ததும் நன்றாக அழுதது. டவுன் சிண்ட்ரோமுக்கான அறிகுறி எதுவும் இல்லை. மஞ்சள் காமாலைக்காகக் கொஞ்ச நாள் விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள், அதற்கப்புறம் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பாப்-ஏ 0.39 சொன்னது வீண்போகவில்லை என்பது என் கருத்து. சிறிய குழந்தை, ஏறிய அழுத்தம் இரண்டுமே வந்தன, ஆனால் எதிர்பார்த்திருந்ததால் நேரத்தில் பிடிக்க முடிந்தது. ஆஸ்பிரின் எவ்வளவு உதவியது என்பதை ஒரே ஒரு கர்ப்பத்தை வைத்துச் சொல்ல முடியாது.

என்ன மாற வேண்டும், என்ன மாறியது

எங்கள் மையத்தில் இப்போது இரத்தம் எடுக்கும் அறையிலேயே தராசு இருக்கிறது. அன்றைய எடையைத் தவிர வேறு எடை படிவத்தில் போகக் கூடாது. பழைய கோப்பிலிருந்து எண் தானாக வந்து விழும் வசதியை இந்தப் படிவத்துக்கு மட்டும் நிறுத்திவிட்டோம். தாயிடம் நேராகக் கேட்க வேண்டிய கேள்விகளைத் தமிழிலும் மலாயிலும் மாண்டரினிலும் எழுதி வைத்திருக்கிறோம்: சிகிச்சை எடுத்துத் தங்கிய கர்ப்பமா, கருமுட்டை எப்போது எடுத்தது, யாருடையது, இன்சுலின் போடுகிறீர்களா, புகைப்பழக்கம் உண்டா, ஆரம்பத்தில் இரட்டை என்று சொல்லி ஒன்று மறைந்துபோனதா. ஐவிஎஃப் கேள்வியை மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால் உண்மையான பதில் வராது. நம் குடும்பங்களில் அதை இன்னமும் வெளியே சொல்லாமல் மறைக்கிறார்கள். அதனால் எடை பார்க்கும்போது தாய் தனியாக இருக்கும் அந்த ஒரு நிமிடத்தில் கேட்கிறோம்.

ஹை ரிஸ்க் என்று போனில் சொல்வதற்கு முன், அறிக்கையின் இடது ஓரத்தைத் தாயின் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதை இப்போது எங்களுக்கு நோயாளிகளை அனுப்பும் கிளினிக்குகளிடமும் கேட்டுக்கொள்கிறோம். சில கிளினிக்குகள் செய்கின்றன, சில இன்னும் செய்யவில்லை. தாய்மாருக்கு நான் சொல்வது, அந்த ஓரத்தை நீங்களே படியுங்கள், அதில் எழுதியிருப்பது நீங்கள்தானா என்று பாருங்கள், இல்லையென்றால் வெட்கப்படாமல் திரும்பக் கணக்கிடச் சொல்லுங்கள்.

ஆய்வகத்திடம் இரண்டு விஷயம் கேட்டோம். எடையோ கருத்தரிப்பு முறையோ காலியாக இருந்தால், இயற்கை என்று தானாக எடுத்துக்கொள்ளாமல் படிவத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பது ஒன்று, அதை ஒத்துக்கொண்டார்கள். திருத்தும் முன் இருந்த மோமும் திருத்திய பின் வந்த மோமும் ஒரே அறிக்கையில் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும் என்பது மற்றொன்று, அதற்கு இன்னும் பதில் வரவில்லை. இந்த ஆசிரியைக்கு உறைய வைத்த கருக்கள் இன்னும் இரண்டு மீதி இருக்கின்றன. கருமுட்டை எடுத்த தேதியை அவருடைய கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறோம்.